கோமதிக்கு யார் சொல்வது?

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் கணவனுக்கோ மனைவிக்கோ எப்படித் தகவல் சொல்வது என்று புதிய வழிமுறை எழுதுகிறார்களாம். ஓய்வு பெற்ற கவுன்சிலர்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுமாம். கடைசிக் கட்டத்தில் ‘கற்ற பாடங்கள் (ஐந்து வரிகளுக்கு மிகாமல்)’ என்று போட்டிருந்தது. பத்தொன்பது வருஷ வேலையை ஐந்து வரியில் கேட்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம். பால்காரரிடம் ‘நாளைக்கு அரை லிட்டர் போதும்’ என்று சொல்வதற்கே நான் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வேன்.

கூட வந்த கடிதத்தில் ஒரு புதுமை இருந்தது. இனிமேல் துணைவருக்குக் கைபேசியில் பெயரில்லாத ஒரு செய்தி போகுமாம்: ‘உங்களுக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம். பரிசோதனை செய்துகொள்ளவும்.’ நடுவில் மனிதரே கிடையாது. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு கைபேசியை மாமியார், மருமகள், பேரன் மூன்று பேரும் நோண்டுகிற வீடுகளைக் கடிதம் எழுதியவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. மனிதர் நடுவில் இருந்தால் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதற்கு நானே சாட்சி.

நான் சங்கரன்கோவில்காரி. என் வீட்டுக்காரர் ஓர் அமைச்சகத்தில் கிளார்க். கல்யாணமாகித் தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு சமூகப் பணிப் படிப்பைத் தபாலில் முடித்து, யமுனைக்கு அந்தப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை மையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி பன்னிரண்டு நாள். அதில் நினைவில் நிற்பவை இரண்டுதான். சமோசா நன்றாக இருந்தது. ‘வருகிறவர்களை நீதிபதி மாதிரி பார்க்காதீர்கள்’ என்று ஓர் அம்மா எங்களை நீதிபதி மாதிரி பார்த்துக்கொண்டே சொன்னார்.

இசக்கியம்மாள் என்ற என் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையவில்லை. ‘இஷ்கி மேடம்’ ஆக்கிவிட்டார்கள். இந்தியில் இஷ்க் என்றால் காதல். எச்.ஐ.வி. மையத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெயரோடு பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டினேன்.

மையத்துக்குப் பொறுப்பு டாக்டர் மல்ஹோத்ரா. ஆறடிக்கு மேல் உயரம். மீசை வேறு. கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் எல்லோருக்கும் டீ சொல்வார். டீ வருகிறது என்றாலே எங்களில் யார் மாட்டினோம் என்று தேடுவோம்.

சேர்ந்த புதிதில் ஒரு டீ குடித்தேன். ஒரு லாரி டிரைவரின் மனைவியைப் பரிசோதனைக்கு வரவழைக்க வேண்டும். டிரைவர் சம்மதித்து எண் கொடுத்திருந்தார். நான் போன் போட்டேன், மாமியார் எடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், ‘உங்கள் மருமகளுக்கு இலவச உடல் பரிசோதனை கிடைத்திருக்கிறது’ என்று அடித்துவிட்டேன். மறுநாள் காலை அந்த மாமியாரே நாலு பக்கத்து வீட்டுக்காரிகளோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் எங்கே என்றால், ‘அவள் வந்துவிட்டால் ரொட்டி யார் போடுவது?’ என்றார். டாக்டர் ஐந்து பேருக்கும் பி.பி. பார்த்து, ஒருத்திக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். பிறகு டீ சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. எந்தத் துணைவருக்குப் போன் செய்வதானாலும் முதலில் டாக்டரிடம் ஒத்திகை பார்க்க வேண்டும். அவர்தான் மாமியார். அந்த ஆறடி உடம்பிலிருந்து கீச்சென்று ஒரு குரல் வரும்: ‘ஹலோ, கௌன்? யாரது? என் மருமகளிடம் உங்களுக்கு என்ன வேலை?’ நாங்கள் பொய் சொல்லக் கூடாது, விஷயத்தையும் சொல்லக் கூடாது, மருத்துவமனை என்ற வார்த்தையும் வரக் கூடாது. சிரித்தால் மறுபடியும் முதலிலிருந்து. இதில் தேறுவதற்கு எனக்கு நாலு மாதம் ஆனது.

முறை என்னவென்றால், தொற்று உள்ளவர் முன்னால் நாலு வழிகளை வைப்போம். அவரே வீட்டில் சொல்லலாம். அவர் சம்மதத்தோடு நாங்கள் சொல்லலாம். இருவரையும் உட்கார வைத்துச் சேர்ந்து சொல்லலாம். அல்லது ஒரு தேதி குறித்துக்கொண்டு, அதற்குள் அவர் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நாங்கள் சொல்வோம். வந்திருப்பது பெண் என்றால் அதற்கும் முன்னால் வேறு கேள்விகள் உண்டு. வீட்டில் அடிப்பானா, வெளியே தள்ளுவானா என்று கேட்போம். ஆமாம் என்றால் அவளுக்குப் பத்திரமான இடம் தெரிகிற வரைக்கும் யாருக்கும் மூச்சுவிட மாட்டோம். பின்னால் சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. டாக்டர் அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே எங்களைப் பழக்கிவிட்டார்.

இத்தனையும் பழகி, புதியவர்களுக்கு ஒத்திகை நடத்துகிற அளவுக்குப் பெரிய ஆளாகி, ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஆவுடையப்பன் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தொற்று தெரிந்திருக்கிறது. தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க, தில்லியின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, யமுனையைத் தாண்டி எங்களிடம் வந்தார். கையில் கயிறு கட்டிய ஃபைல். சீட்டில் பெயரைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்குமா?

“வாங்க சார். நமக்கு எந்த ஊரு?”

மனிதர் வெலவெலத்துப் போனார். “அம்பாசமுத்திரம்” என்று தானாக வந்துவிட்டது. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, “இங்க வேற கவுன்சிலர் யாரும் இல்லீங்களா?” என்றார்.

“சுனிதான்னு ஒருத்தி இருக்கா. லீவுல போயிருக்கா. நீங்க இப்படி உக்காருங்க, உங்க ஊரு ஆத்துத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவதான் நானும்.”

அதில் தொடங்கியது என் சறுக்கல். தில்லியில் நம் ஜில்லாக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டால் நமக்கு மனசு இளகிவிடுகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் வெளியூர் டூரில் ஒரு தப்பு நடந்தது என்று சொல்லி அழுதார். மாத்திரையை அன்றே தொடங்கினார். மனைவியிடம் சொல்ல வேண்டும் என்றதும், “நானே சொல்லிடுதேன் மேடம், பத்து நாள் கொடுங்க” என்றார். கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து வந்தார். சொல்லவில்லை. “ஆடி மாசம் மேடம். ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாதே.”

“இது என்ன சார், புதுமனை புகுவிழாவா?”

“இல்லதான். இருந்தாலும் மனசு கேக்கணும்லா?”

ஆடி முடிவதற்குள் பார்லிமெண்ட் கூட்டம் தொடங்கிவிட்டது. கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கிற செக்‌ஷனாம், தலையைத் தூக்க முடியவில்லையாம். கூட்டம் முடிந்த வாரத்தில் அவருக்குச் சந்திராஷ்டமம். அதற்கடுத்த வாரம் அவர் மனைவிக்கு. ஒவ்வொரு தடவையும் நான் திட்டுவதுபோலத் திட்டி, பதிவேட்டில் புதுத் தேதி போட்டுக் கொடுத்தேன். வேறு ஆளாக இருந்தால் இரண்டாவது தேதியோடு டாக்டரிடம் போயிருப்பேன்.

எனக்கு ஒரு சமாதானமும் இருந்தது. “விஷயம் தெரிஞ்ச நாள்லேந்து முதுகு வலின்னு சொல்லி ஹால்ல தனியாப் படுத்துக்கிடுதேன்” என்றார். சரி, இனிமேல் பரவாது, அவசரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஏற்கெனவே பரவியிருந்தால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியவள் நான்தான். யோசித்தேன், தள்ளி வைத்தேன்.

ஆவணியில் ஒரு நாள் ஃபைலைப் பிரித்து ஒரு தாளை நீட்டினார். மனைவியிடம் என்ன சொல்வது என்று வரைவு எழுதியிருக்கிறாராம். நான் பார்த்துச் சரி சொன்னால் வீட்டில் படித்துவிடுவாராம். நாலு பத்தி, எண் போட்டு. ‘பொருள்: என் உடல்நிலை தொடர்பாக. பார்வை: ஆய்வுக்கூட அறிக்கை. மேற்காண் அறிக்கையின்படி எனக்கு ஒரு தொற்று இருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. இச்சூழலில் தாங்களும் உரிய பரிசோதனைக்கு உட்படுமாறும், தங்கள் மேலான ஒத்துழைப்பை நல்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.’

“சார், அவங்க உங்க பெஞ்சாதியா, டெபுடி செகரட்டரியா?” என்றேன். அவர் அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டு, திருத்தி எடுத்துவருவதாகச் சொல்லிப் போனார். இப்படி ஆறு வரைவு வந்தது. நானும் ஒரு கிளார்க்கின் பெண்டாட்டி ஆயிற்றே, பேனாவை எடுத்து ஒவ்வொன்றையும் திருத்திக் கொடுத்தேன். ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மாளுக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

அந்த அம்மாள் யார் என்று எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் செக்டாரில் ஒரு வீட்டில் பெண்கள் கூடிப் பாட்டு படிப்போம். என் பக்கத்தில் எப்போதும் கோமதி உட்காருவாள். கணீரென்ற குரல், வாயைத் திறந்தால் கிண்டல். நான் சுருதி விலகினால் தொடையில் கிள்ளுவாள். அன்று மழை. அவளைக் கூட்டிப் போகக் குடையோடு வாசலில் ஒருவர் வந்து நின்றார். பார்த்தால் ஆவுடையப்பன்.

“எங்க வீட்டுக்காரு” என்று என்னிடம் காட்டிவிட்டு, அவரிடம், “அவுகளுக்கு வணக்கம் சொல்லுங்க, இது எங்க இசக்கி அக்கா” என்றாள் கோமதி.

வெளியில் பார்த்தால் எங்களுக்கு யாரையும் தெரியாது, அதுதான் விதி. இருவரும் ஜென்மத்தில் பார்த்திராதவர்கள் மாதிரி கும்பிட்டுக்கொண்டோம். அவர் அவசரமாகக் குடையைத் திருப்பியதில் எல்லார் மேலும் தண்ணீர் தெறித்தது.

மறுநாளே டாக்டரிடம் போய், ‘எனக்கு இவர் மனைவியைத் தெரியும், இந்தக் கேஸைச் சுனிதாவிடம் கொடுங்கள்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நம் ஆட்கள் விஷயம், நம்மோடு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நவராத்திரி வந்தது. கோமதி வீட்டுக் கொலுவுக்குப் போனேன். அவளைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. எல்லோரும் ‘என்ன கோமதி, ஸ்லிம்மா ஆயிட்டே’ என்று பாராட்ட, அவளும் சிரித்தாள். சுண்டலை எனக்குக் கொடுத்தவள் தான் ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

“ஏன், நீ சாப்பிடலியா?”

“காரம் பட்டாலே வாயெல்லாம் எரியுதுக்கா. நாக்குல வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருக்கு. தேங்காப்பால் குடிக்கேன், போகமாட்டேங்குது.”

அந்த வெள்ளையை எங்கள் மையத்தில் எத்தனையோ நாக்குகளில் பார்த்திருக்கிறேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தரைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வாயைத் திறந்தால் அவர் ரகசியம் போய்விடும். மூடினால் இவள் போய்விடுவாள். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன்.

“எதுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாரேன் கோமதி.”

“என்ன டெஸ்ட்டுக்கா?”

“எல்லாம்தான். எல்லாத்தையும் எடுத்துப் பாரு.”

கோமதி சொன்ன பேச்சுக் கேட்கிறவள். ஒரு தனியார் லேபில் ‘ஃபுல் பாடி’ என்று விளம்பரம் போட்டிருந்த பரிசோதனையை எடுத்தாள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் அதில் இருந்தது. எச்.ஐ.வி. இல்லை. அதை நாம் கேட்டு, சம்மதம் எழுதிக் கொடுத்தால்தான் எடுப்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்து என் தோளில் தட்டினாள். “எல்லாம் நார்மலாம்க்கா! கொஞ்சம் ரத்தம் கம்மி, அவ்வளவுதான். நீங்க வேற பயமுறுத்திட்டீங்க.” வீட்டிலும் போய், இசக்கி அக்கா சொல்லித்தான் டெஸ்ட் எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அதைக் கேட்ட மனிதர் என்ன நினைப்பார்? அந்த மாதம் மாத்திரை வாங்க அவர் வரவில்லை. போனை அணைத்து வைத்துவிட்டார். ஆக, அவள் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிவிட்டாள். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். என் ஒரு வார்த்தையில் இரண்டு பேருக்கும் குழி.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பாதியிலேயே டீ சொன்னார். டீ வந்து, ஆறி, ஆடை படிந்த பிறகு இந்தியில் ரொம்பத் தணிந்த குரலில் பேசினார்.

“இஷ்கி ஜி, நீங்கள் அவர் ரகசியத்தையும் காப்பாற்றவில்லை, அந்தப் பெண்ணையும் காப்பாற்றவில்லை. இரண்டில் ஒன்றையாவது முழுசாகச் செய்திருக்கலாம். பாதி சொல்வதைவிட ஒன்றுமே சொல்லாமல் இருப்பது மேல். பாதி கேட்டவள் தேடுவதை நிறுத்திவிடுவாள்.”

பதிவேட்டில் நான் போட்ட தேதிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஏழு தேதிகள்.

நல்லவேளை, மூன்றாம் வாரம் ஆவுடையப்பனே வந்தார். சண்டை போட வந்தார். “சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு, என் வீட்டுக்கே வந்து சொல்லிட்டீங்கள்லா?”

“சொல்லல சார். ஆனா சொல்லாமலும் இருக்கல. தப்பு என்னுதுதான்.”

டாக்டர் அவரை உள்ளே அழைத்தார். என்னை மூலையில் உட்கார வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்றார். கேஸ் அந்த நிமிஷத்திலிருந்து சுனிதாவுடையது. பிறகு அவரிடம் பளிச்சென்று சொன்னார்: “இன்னும் ஐந்து நாள். ஆறாவது நாள் உங்கள் மனைவியை நாங்கள் அழைத்து, இந்த அறையில் நேரில் சொல்வோம். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. ஆனால் இனித் தேதி கிடையாது.”

ஆவுடையப்பன் ஆறாவது வரைவை எடுத்து, டாக்டரிடம் இந்தியில் சொன்னார். “இதைப் படித்துக் காட்டுகிறேன், சரியாக இருக்கிறதா என்று பாருங்கள் சாப்.”

“அச்சா. படியுங்கள். நான்தான் உங்கள் மனைவி” என்றார் டாக்டர். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேல்கோட்டை முக்காடு மாதிரி இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆவுடையப்பன் தமிழில் நாலு பத்தியையும் படித்து முடித்தார். டாக்டருக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. அந்தக் கீச்சுக் குரலில் இந்தியில் சொன்னார்: “எனக்கு ஒன்றும் புரியவில்லையே.”

ஆவுடையப்பன் மறுபடி தொடங்கினார். இரண்டாவது பத்தியில் அந்தக் குரல் இந்தியிலேயே குறுக்கிட்டது. “என்னங்க, நான் செத்துப்போவேனா?”

தாள் கீழே விழுந்தது. அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தமிழில், “கோமதி, என்னாலதான் உனக்கு இது. வா, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார். சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். டாக்டர் முக்காட்டை எடுத்தார். “இது புரிந்துவிட்டது. இதையே சொல்லுங்கள்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோமதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த இரண்டு வரியைச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். மூன்று விதப் பரிசோதனையிலும் அவளுக்குத் தொற்று உறுதியானது. எதிர்ப்புச் சக்தி ரொம்பத் தாழ்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் பின்னால் என்னிடம் சொன்னார். படிக்கிறவர்கள் பதற வேண்டாம், கோமதி இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். தினம் ஒரு மாத்திரை. உடம்பு பழையபடி பூசினாற்போல ஆகி, வளையல் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. புருஷனை ஆறு மாதம் பேசாமல் வதைத்துவிட்டு, இப்போது அவர் கடைக்குப் போனால், ‘சீரகம் வாங்க வரைவு எழுதியாச்சா?’ என்று கேட்கிறாளாம்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையை நான் கடந்து வரவில்லை. சுனிதா இந்தியில் எல்லாம் விளக்கி முடித்த பிறகு, கோமதி, “இசக்கி அக்காவைக் கூப்பிடுங்க” என்றாளாம். போனேன். ஆவுடையப்பன் வெளியே பெஞ்சில் இருந்தார். அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

“கொலு அன்னைக்கு என்னை டெஸ்ட் எடுக்கச் சொன்னீங்களேக்கா. அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேந்து?”

“அவரை ஆடியிலேந்து தெரியும். அவர் உன் வீட்டுக்காரர்னு தெரிஞ்சது ஆவணியில.”

விரல் விட்டு எண்ணினாள். அத்தனை வெள்ளிக்கிழமைகளையும் எண்ணினாள் என்று நினைக்கிறேன். “அவுக பயந்தாக, சொல்லல. எம்புருசன், பயந்தாங்கொள்ளி, எனக்குத் தெரியும். நீங்க எதுக்குக்கா பயந்தீங்க?”

விதி, சட்டம், ரகசியம் என்று நூறு பதில் என்னிடம் இருந்தது. புதியவர்களுக்கு நானே பாடம் எடுத்தவை. ஆனால் விதிப்படி நடந்திருந்தால் அவள் ஆடியிலேயே அந்த நாற்காலிக்கு வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

“பயமில்ல கோமதி. அழுதாரு. நம்ம ஊருக்காரரு, நம்ம ஆளு, கொஞ்சம் பொறுத்துப் போவோம்னு நினைச்சேன்.”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நானும் நம்ம ஆளுதானேக்கா?”